ஓர் அட்டையின் விலை ஒரு கோடி டாலர்

2022ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் அமெரிக்காவில் நடந்த ஓர் ஏலத்தில், அச்சிட்ட அட்டை ஒன்று 1 கோடியே 26 லட்சம் டாலருக்கு விலைபோயிற்று. அதன் நீளம் ஏறத்தாழ ஒன்பதரை சென்டிமீட்டர். அகலம் ஆறரை சென்டிமீட்டருக்குச் சற்று அதிகம். எடை சில கிராம்தான். அதில் தங்கம் இல்லை, வெள்ளி இல்லை. எந்தப் பெரிய ஓவியரின் கையும் அதன்மீது பட்டதில்லை. 1952ஆம் ஆண்டில் சூயிங்கத்துடன் சேர்த்துச் சில சென்ட்டுக்குச் சிறுவர்களுக்கு விற்கப்பட்ட பேஸ்பால் படம் அது. படத்தில் இருப்பவர் நியூயார்க் யாங்கீஸ் அணியின் ஆட்டக்காரர் மிக்கி மேன்டில்.

தபால் தலையோ தீப்பெட்டிப் படமோ சேர்த்துப் பழகியவர்களுக்கு இந்த ஆசை புதிதல்ல. ஆனால் ஒரு கோடி டாலர் என்பது ஆசையை மட்டும் வைத்து விளங்கிக்கொள்ளக்கூடிய தொகையும் அல்ல. அந்த அட்டை உண்மையானது, வெட்டப்படாதது, திருத்தப்படாதது என்று வாங்குகிறவர் நம்பினால்தான் இவ்வளவு பணம் கைமாறும். அந்த நம்பிக்கைக்கு அடிப்படை என்ன என்று தேடிப் போனால் உருப்பெருக்கிக் கண்ணாடி, புற ஊதாக் கதிர், திருகு அளவி என்று நம் ஆய்வுக்கூடத்துப் பொருள்களே ஒவ்வொன்றாக எதிர்ப்படுகின்றன. பேஸ்பால் அட்டையைப் பற்றி ஓர் இயற்பியல் ஆசிரியர் எழுதப் புகுந்ததற்கு இதுவே காரணம்.

சிகரெட்டோடு வந்த படம்

1880களில் அமெரிக்க சிகரெட்டுகள் மெல்லிய காகிதப் பொட்டலங்களில் விற்கப்பட்டன. பொட்டலம் நசுங்காமல் இருக்க உள்ளே ஒரு கெட்டி அட்டையைச் செருகினார்கள். வெறும் அட்டையாக இருப்பானேன் என்று அதில் படம் அச்சிட்டார்கள். நடிகைகள், அரசர்கள், பறவைகள் என்று பல வரிசைகள் வந்தன. பேஸ்பால் ஆட்டக்காரர்களின் வரிசையும் அவற்றுள் ஒன்று. வரிசை முழுவதையும் சேர்க்க விரும்புகிறவர் அதே சிகரெட்டைத்தானே மறுபடியும் வாங்குவார்! வணிகர்கள் இதை விரைவிலேயே புரிந்துகொண்டார்கள்.

1909 முதல் 1911 வரை அமெரிக்கன் டொபாக்கோ கம்பெனி தன் பல சிகரெட் வகைகளுடன் ஒரு பெரிய வரிசையை வெளியிட்டது. சேகரிப்போர் அதை 'டி206' என்று அழைக்கிறார்கள். அதில் 524 அட்டைகள் உண்டு. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 37 மில்லிமீட்டர் அகலமும் 67 மில்லிமீட்டர் உயரமும் கொண்ட சிறு படம். இவற்றுள் பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் அணியின் ஹோனஸ் வாக்னரின் அட்டை மட்டும் மிகச் சொற்பமாகவே வெளிவந்தது. தம் படத்தை அச்சிட அவர் சம்மதிக்காததால் நிறுவனம் பாதியில் நிறுத்திவிட்டது. அவர் மறுத்ததற்கு இரண்டு காரணங்கள் கூறப்படுகின்றன. தம் படத்துக்காகச் சிறுவர்கள் சிகரெட் வாங்குவதை அவர் விரும்பவில்லை என்பது ஒன்று. உரிய பணம் தரப்படவில்லை என்பது மற்றொன்று. வாக்னர் தாமே புகையிலை மென்றவர் என்பதையும் சேர்த்துத்தான் இக்கதையைக் கேட்க வேண்டும்.

இன்று உலகில் அறியப்பட்ட வாக்னர் அட்டைகள் ஏறத்தாழ அறுபதுதான். 1936இல் பேஸ்பால் புகழ் மண்டபம் தொடங்கப்பட்டபோது முதலில் தேர்ந்தெடுக்கப்பட்ட ஐவருள் அவரும் ஒருவர். புகழ் பெரிது, படமோ அரிது. 2022இல் இந்த அட்டைகளில் ஒன்று 72 லட்சத்து 50 ஆயிரம் டாலருக்கு விற்கப்பட்டது.

சூயிங்கம் காலம்

பின்னர் சிகரெட்டின் இடத்தைச் சூயிங்கம் பிடித்துக்கொண்டது. 1933இல் கௌடி என்ற சூயிங்கம் நிறுவனம் 240 எண்கள் கொண்ட வரிசை ஒன்றை வெளியிட்டது. அதில் 106ஆம் எண் கிடைக்கவே இல்லை. பிள்ளைகள் பொட்டலத்தை வாங்கி வாங்கிப் பிரித்தார்கள். 106 வரவில்லை. எப்படி வரும்? அச்சிட்டிருந்தால் அல்லவா வரும்! புகார்க் கடிதங்கள் குவிந்த பிறகு, 1934இல் நாப் லாஜோய் என்ற ஆட்டக்காரரின் படத்தை 106ஆம் எண்ணிட்டு அச்சடித்து, கேட்டு எழுதியவர்களுக்கு அஞ்சலில் அனுப்பினார்கள். இன்று அந்த அட்டைக்குத் தனி மதிப்பு.

மேன்டிலின் அட்டையை வெளியிட்ட டாப்ஸ் நிறுவனத்தின் 1952ஆம் ஆண்டு வரிசையில் 407 அட்டைகள் உண்டு. சை பெர்கர் என்ற ஊழியர் புரூக்லினில் தம் வீட்டுச் சமையலறை மேசையில் வைத்து இதைத் திட்டமிட்டார் என்பார்கள். அட்டைகள் எல்லாம் ஒரே நாளில் வெளிவரவில்லை. ஆட்டப் பருவம் முழுவதும் தவணை தவணையாக வந்தன. 311 முதல் 407 வரையிலான கடைசித் தவணை கடைக்கு வந்தபோது பருவமே முடியும் தறுவாயில் இருந்தது. பிள்ளைகளின் கவனம் கால்பந்துக்குப் போய்விட்டது. பெட்டி பெட்டியாக அட்டைகள் தேங்கின. பல ஆண்டுகள் கிடங்கில் இடத்தை அடைத்துக்கொண்டிருந்தவற்றை, 1960 வாக்கில் படகில் ஏற்றிப் போய் அட்லான்டிக் கடலில் கொட்டியதாகப் பெர்கரே பின்னாளில் கூறினார். மேன்டிலின் எண் 311. அந்தக் கடைசித் தவணையின் முதல் அட்டை!

இங்கே ஒரு விநோதம் உண்டு. அச்சுத் தாளில் மேன்டிலின் படம் இரண்டு இடங்களில் இருந்தது. எனவே அதே தவணையின் பெரும்பாலான அட்டைகளைவிட மேன்டில் அட்டை இரு மடங்கு அச்சாகியிருக்கிறது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட பிரதிகள் இன்று உள்ளன. அருமையால் மட்டும் விலை உயர்வதாக இருந்தால், அதே தாளில் ஒருமுறை மட்டும் அச்சான, பெயர் தெரியாத ஆட்டக்காரரின் அட்டைதான் உயர்ந்திருக்க வேண்டும். வேண்டுவோர் எத்தனை பேர் என்பதும், பிரதி எந்த நிலையில் இருக்கிறது என்பதும் அருமையோடு சேர்ந்துதான் விலையை நிர்ணயிக்கின்றன.

கடைசி அட்டை ஏன் கிடைப்பதில்லை?

ஒரு சிறு கணக்கைப் பார்ப்போம். 407 அட்டைகளும் சம எண்ணிக்கையில் அச்சாகி, நன்றாகக் கலக்கப்பட்டு, ஒரு பொட்டலத்துக்கு ஒன்று வீதம் வருவதாகக் கொள்வோம். (உண்மையில் தவணை முறை இருந்ததால் இது கணக்குக்கான எளிமைதான்.) வரிசையை முடிக்கச் சராசரியாக எத்தனை பொட்டலம் வாங்க வேண்டும்?

முதல் பொட்டலத்தில் வருவது எப்படியும் புதிய அட்டை. ஆனால் 406 அட்டைகள் சேர்ந்த பிறகு, அடுத்த பொட்டலத்தில் மீதி ஒன்று இருப்பதற்கான நிகழ்தகவு 1/407. ஆகவே அந்த ஒன்றுக்காக மட்டும் சராசரியாக 407 பொட்டலம் பிரிக்க வேண்டும். அதற்கு முந்தைய அட்டைக்கு 407/2, அதற்கும் முந்தையதற்கு 407/3. இப்படிக் கூட்டிக்கொண்டே போனால், 407 × (1 + 1/2 + 1/3 + … + 1/407) என்ற தொடர் கிடைக்கிறது. விடை ஏறத்தாழ 2,680. வரிசையின் பாதியைச் சேர்க்க 280 பொட்டலம் போதும். மற்றப் பாதிக்கு 2,400! கடைசிப் பத்து அட்டைகளுக்கு மட்டுமே ஆயிரத்துக்கும் மேல் செலவாகிறது.

பள்ளி மைதானங்களில் பண்டமாற்று ஏன் அவ்வளவு சுறுசுறுப்பாக நடந்தது என்பது இப்போது விளங்கும். இரட்டை வந்ததைக் கொடுத்து இல்லாததை வாங்கிக்கொண்டால் அந்தத் தொடரின் நீண்ட வால் சட்டென்று அறுந்துவிடுகிறது. உற்பத்தியாளருக்குத்தான் நஷ்டம்.

மில்லிமீட்டரில் தொங்கும் விலை

மேன்டில் அட்டை ஒன்று 2021 ஜனவரியில் 52 லட்சம் டாலருக்குப் போயிற்று. தொடக்கத்தில் சொன்ன அட்டை அடுத்த ஆண்டில் அதைப்போல இரு மடங்குக்கும் மேல் விலை பெற்றது. படம் ஒன்றே, எண் ஒன்றே. பெரிய வேறுபாடு நிலையில்தான். அட்டைகளைப் பரிசோதித்து 1 முதல் 10 வரை மதிப்பெண் இட்டு, ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் உறையில் முத்திரையிட்டுத் தரும் நிறுவனங்கள் அமெரிக்காவில் உள்ளன. பி.எஸ்.ஏ. என்ற நிறுவனம் 1991 முதல் இத்தொழிலைச் செய்கிறது. 1 கோடியே 26 லட்சம் பெற்ற அட்டைக்கு எஸ்.ஜி.சி. என்ற மற்றொரு நிறுவனம் இட்ட மதிப்பெண் 9.5.

நான்கு முனைகள் கூர்மையாக உள்ளனவா, விளிம்பு நைந்திருக்கிறதா, மேற்பரப்பில் கீறலோ மடிப்போ உண்டா, படம் நடுவில் அமைந்திருக்கிறதா என்பவையே முக்கியமாகப் பார்க்கப்படுகின்றன. நடு அமைவுக்கு ஓர் அளவு உண்டு. இடப்பக்க வெள்ளை ஓரம் 3 மில்லிமீட்டர், வலப்பக்கம் 2 மில்லிமீட்டர் என்றால் அது 60க்கு 40. மிக உயர்ந்த மதிப்பெண்ணுக்கு 55க்கு 45 என்ற அளவுக்குள் இருக்க வேண்டும் என்பார்கள். அரை மில்லிமீட்டர் பிசகு, அரிய அட்டை ஒன்றின் விலையில் பல ஆயிரம் டாலரைத் தின்றுவிடும். இத்தனை பணம் அரை மில்லிமீட்டரில் தொங்குகிறது என்றால், அந்த அரை மில்லிமீட்டரைக் கத்தியால் 'சரிசெய்ய' யாருக்குத்தான் ஆசை வராது?

உண்மையிலேயே வந்தது. மிகப் புகழ்பெற்ற வாக்னர் அட்டை ஒன்று உண்டு. 1985இல் பில் மாஸ்ட்ரோ என்ற வியாபாரி அதை 25,000 டாலருக்கு வாங்கி, 1987இல் 1,10,000 டாலருக்கு விற்றார். 1991இல் சதபீஸ் ஏலத்தில் பனி ஹாக்கி வீரர் வெயின் கிரெட்ஸ்கியும் அவருடைய கூட்டாளியும் 4,51,000 டாலருக்கு அதை எடுத்தார்கள். பி.எஸ்.ஏ. நிறுவனம் மதிப்பெண் இட்ட முதல் அட்டையே இதுதான். கிடைத்த மதிப்பெண் 8. எண்பது ஆண்டு பழைய சிகரெட் அட்டை இவ்வளவு கூர்மையான விளிம்புடன் இருப்பது எப்படி என்று சிலர் முணுமுணுத்தார்கள். விலையோ ஏறிக்கொண்டே போய் 2007இல் 28 லட்சம் டாலரைத் தொட்டது. 2013இல் வேறு ஏல மோசடி வழக்கில் குற்றத்தை ஒப்புக்கொண்ட மாஸ்ட்ரோ, அந்த வாக்னர் அட்டையின் ஓரங்களைத் தாம் வெட்டியதையும் ஒப்புக்கொண்டார். 2015இல் அவருக்கு 20 மாதச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது.

ஆய்வுக்கூடத்தில் ஓர் அட்டை

போலியையும் திருத்தத்தையும் கண்டுபிடிக்கும் வழிகளைச் சற்று விரிவாகவே பார்ப்போம்.

முதலாவது உருப்பெருக்கி. நம் கண்ணின் பகுதிறன் ஏறத்தாழ ஒரு நிமிடக் கோணம். 25 சென்டிமீட்டர் தொலைவில் வைத்துப் பார்க்கும்போது 0.07 மில்லிமீட்டருக்குக் குறைவாகப் பிரிந்துள்ள இரு புள்ளிகள் நமக்கு ஒன்றாகவே தெரியும். வண்ண அச்சு முழுவதும் இந்தக் குறையைப் பயன்படுத்தி நடக்கும் ஒரு வித்தைதான். நீலம், செந்நீலம், மஞ்சள், கறுப்பு ஆகிய நான்கு மைகளை நுண்ணிய புள்ளிகளாக இட்டால், கண் அவற்றைக் கலந்து எல்லா வண்ணங்களையும் காண்கிறது. பத்து மடங்கு பெருக்கும் லென்ஸை வைத்தால் வித்தை வெளிப்பட்டுவிடும்.

பழைய அட்டையில் படம் புள்ளிகளால் ஆனதாக இருந்தாலும், ஆட்டக்காரரின் பெயர் எழுத்துகளும் படத்தைச் சுற்றியுள்ள கோடும் தனி மையில் முழுமையாக, புள்ளியின்றி அச்சாகியிருக்கும். போலி செய்கிறவர் என்ன செய்கிறார்? அசல் அட்டையைப் படம் பிடித்து மறுபடி அச்சிடுகிறார். அப்போது எழுத்தும் கோடும் எல்லாமே படத்தின் பகுதிதான். ஆகையால் எழுத்தின் விளிம்பே புள்ளி புள்ளியாக உடைந்து காணும். இருபது ரூபாய் லென்ஸ் பத்து லட்சம் டாலர் ஏமாற்றைத் தடுக்கும் இடம் இது.

இரண்டாவது, புற ஊதாக் கதிர். வெள்ளைச் சட்டை நாடக மேடையின் புற ஊதா விளக்கில் நீலமாகப் பளிச்சிடுவதைக் கண்டிருப்பீர்கள். சலவைத் தூளில் கலந்துள்ள ஒளிர்வூட்டும் வேதிப்பொருளே அதற்குக் காரணம். அது கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிரை உறிஞ்சி, அதைவிட ஆற்றல் குறைந்த, அலைநீளம் கூடிய நீல ஒளியாக வெளியிடுகிறது. காகிதத்தை வெண்மையாகக் காட்ட இதே வகைப் பொருளைக் காகித ஆலைகளும் சேர்க்கின்றன. ஆனால் இவ்வழக்கம் 1940களின் இறுதிக்குப் பிறகே பரவியது. 1909இல் அச்சானதாகச் சொல்லப்படும் அட்டை இருட்டறையில் புற ஊதா விளக்கின்கீழ் நீலமாக ஒளிர்ந்தால், மேற்கொண்டு எதையும் ஆராய வேண்டியதில்லை. மாறாக, ஒளிரவில்லை என்பதால் மட்டும் அட்டை அசலாகிவிடாது. பழைய புத்தகத்தின் வெற்றுத் தாளில் போலி அச்சிடுவோரும் உண்டு. போலி என்று நிரூபிக்க ஒரு சோதனை போதும். அசல் என்று ஏற்க எல்லாச் சோதனைகளிலும் தேற வேண்டும். மங்கிய இடத்தில் பின்னால் வண்ணம் தீட்டியிருந்தாலும் இதே விளக்கில் தெரியும். புதிய மை வேறு விதமாக ஒளிரும் அல்லது ஒளியை விழுங்கிக் கறுத்து நிற்கும்.

மூன்றாவது அளவுகள். நீள அகலத்துக்கு வெர்னியர், தடிமனுக்குத் திருகு அளவி. மீச்சிற்றளவு 0.01 மில்லிமீட்டர் என்பது இங்கே தாராளமாகப் போதும். (விலையுயர்ந்த அட்டையைத் திருகு அளவியின் தாடைகளுக்கு இடையில் வைக்கும் துணிச்சல் எவருக்கும் வராது என்பது வேறு விஷயம்!) ஆனால் வெட்டியதைக் கண்டுபிடிக்க நீள அகலம் மட்டும் போதாது. டி206 அட்டைகள் ஆலையிலிருந்து வந்தபோதே சிறிது பெரியதாகவும் சிறிது சிறியதாகவும் இருந்தன. பெரிதாகப் பிறந்த அட்டையை வெட்டினால் அளவு சரியாகவே இருக்கும். எனவே விளிம்பை நுண்ணோக்கியில் பார்க்கிறார்கள். நூறாண்டுக் காற்றும் கையழுக்கும் பட்ட விளிம்பின் நிறம் அட்டையின் மற்றப் பகுதியோடு ஒத்திருக்கும். இழைகள் சற்றுத் தளர்ந்திருக்கும். புதிதாக வெட்டிய விளிம்பு வெளிறி, இழைகள் ஒரே மட்டத்தில் அறுபட்டு நிற்கும். ஒரு முனை மழுங்கியும் அதை ஒட்டிய விளிம்பு கத்திக் கூர்மையாகவும் இருந்தாலும் ஐயம்தான். இரண்டும் ஒரே காலத்தில் ஒரே பெட்டியில் உராய்ந்தவை அல்லவா?

புதிய அட்டைகளில் பாதுகாப்பு முன்கூட்டியே சேர்க்கப்படுகிறது. 1989இல் சந்தைக்கு வந்த அப்பர் டெக் நிறுவனம் ஒவ்வோர் அட்டையின் பின்புறத்திலும் சிறு ஹோலோகிராம் ஒட்டியது. லேசர் ஒளியின் குறுக்கீட்டு விளைவால் பதிவான நுண்வரிகள் அதில் உள்ளன. பார்க்கும் கோணம் மாறினால் தோற்றமும் மாறும். சாதாரணப் படக்கருவி ஒரு கோணத்துத் தோற்றத்தை மட்டுமே பிடிக்கும் என்பதால் இதை அச்சில் நகலெடுக்க இயலாது.

பிரிக்காத பொட்டலங்களுக்கும் நல்ல விலை உண்டு. அரிய அட்டை உள்ளே இருக்கலாம் என்ற எதிர்பார்ப்புக்கே அந்த விலை. சில அட்டைகளில் ஆட்டக்காரரின் சட்டைத் துணியை வெட்டி ஒட்டுவார்கள். அது தடித்து எடை கூடியிருக்கும். நுண் தராசில் பொட்டலங்களை நிறுத்துப் பொறுக்குவோர் தோன்றினர். நிறுவனங்கள் மற்றப் பொட்டலங்களில் வெற்றுத் தடி அட்டையை வைத்து அவர்களைக் குழப்பின. 2024இல் இன்னொரு படி தாண்டப்பட்டது. மருத்துவமனைகளில் காணும் சி.டி. ஸ்கேன் முறையைத் தொழிற்சாலைப் பொருள்களுக்குப் பயன்படுத்தும் அமெரிக்க நிறுவனம் ஒன்று, பிரிக்காத பொட்டலத்தின் உள்ளே இருக்கும் அட்டைகளைப் படம் பிடித்துக் காட்டத் தொடங்கியது. எக்ஸ் கதிர்களைப் பல கோணங்களில் செலுத்தி, காகிதமும் மையும் உலோகப் பூச்சும் அவற்றை வெவ்வேறு அளவில் உறிஞ்சுவதைக் கணிப்பொறியால் தொகுத்து, அடுக்கு அடுக்காகப் பிரித்துப் பார்க்கும் முறை இது. உள்ளே என்ன இருக்கிறது என்று விற்பவருக்குத் தெரியும், வாங்குகிறவருக்குத் தெரியாது என்றால், 'பிரிக்காத பொட்டலம்' என்ற சொல்லுக்குப் பொருளே இல்லாமல் போகிறது. இதற்கு இன்னும் முழுமையான மாற்று மருந்து கிடைக்கவில்லை.

முதலீடா?

1 கோடியே 26 லட்சம் பெற்ற மேன்டில் அட்டை 1991இல் 50,000 டாலருக்கு வாங்கப்பட்டது. 31 ஆண்டுகளில் 252 மடங்கு. கூட்டு வட்டியில் போட்டால் ஆண்டுக்கு ஏறத்தாழ 19½ சதவீதம். அதாவது நான்கு ஆண்டுக்கு ஒருமுறை பணம் இரட்டித்திருக்கிறது. எந்த வங்கி தரும் என்று கேட்கத் தோன்றும். 1980களில் அமெரிக்கர்கள் பலருக்கும் அப்படித்தான் தோன்றியது.

1950களின் அட்டைகள் ஏன் அரியவை? சிறுவர்கள் அவற்றை மிதிவண்டிச் சக்கரத்தில் செருகிச் சத்தம் எழுப்பினார்கள், சுவரில் எறிந்து விளையாடினார்கள். வளர்ந்ததும் அம்மாக்கள் குப்பையில் போட்டார்கள். அழிந்தவை போக மிஞ்சியவற்றுக்குத்தான் விலை. இதைப் பார்த்தவர்கள் 1980களின் இறுதியில் பெட்டி பெட்டியாக வாங்கி, கை படாமல் பூட்டி வைத்தார்கள். தேவை கூடியதைக் கண்டு நிறுவனங்களும் கோடிக்கணக்கில் அச்சிட்டுத் தள்ளின. யாரும் எறியவில்லை, எதுவும் அழியவில்லை. 1994இல் ஆட்டக்காரர்களின் வேலைநிறுத்தத்தால் அவ்வாண்டின் இறுதிப் போட்டியே ரத்தாகி, ஆர்வமும் சரிந்தது. பிள்ளைகளின் கல்லூரிச் செலவுக்கு என்று அட்டைகளைச் சேர்த்து வைத்த குடும்பங்களுக்கு, பரண் நிறையக் காகிதம் மிஞ்சியது. அக்காலத்தை அமெரிக்கர்கள் குப்பை அட்டைக் காலம் என்றே குறிப்பிடுகிறார்கள். எல்லோரும் முதலீடாகப் பாதுகாக்கும் அட்டை எப்போதும் அரிதாவதில்லை. 19½ சதவீதக் கணக்கில் இந்தப் பரண்கள் எதுவும் சேரவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும்.

அதன்பின் நிறுவனங்கள் அருமையைத் தாமே தயாரிக்கக் கற்றுக்கொண்டன. நூறு மட்டும், பத்து மட்டும், ஒன்றே ஒன்று மட்டும் என எண்ணிட்டு அச்சிடுகிறார்கள். மைக் டிரவுட் என்ற ஆட்டக்காரரின் 2009ஆம் ஆண்டு ஒற்றை அட்டை, 2020இல் 39 லட்சம் டாலருக்கு மேல் போயிற்று. தொற்றுநோய்க் காலத்தில் வீட்டில் அடைபட்டவர்கள் மறுபடி அட்டைகளில் இறங்க, 2021 மார்ச்சில் பி.எஸ்.ஏ. நிறுவனம் குவிந்த அட்டைகளைப் பார்த்து முடிக்க முடியாமல் பெரும்பாலான சேவைகளைத் தற்காலிகமாக நிறுத்த வேண்டியதாயிற்று. பிறகு பல அட்டைகளின் விலை இறங்கியது. பால் ஸ்கீன்ஸ் என்ற பந்துவீச்சாளரின் ஒற்றை அட்டை லாஸ் ஏஞ்சல்ஸ் பகுதியைச் சேர்ந்த 11 வயதுச் சிறுவனுக்குப் பொட்டலத்தில் கிடைத்து, 2025 மார்ச்சில் 11 லட்சம் டாலருக்கு விற்கப்பட்டது. செய்தித்தாள்கள் கொண்டாடின. கணக்குக்காக, அப்படிப்பட்ட ஓர் அட்டை ஒரு கோடிப் பொட்டலங்களில் ஒன்றில் இருப்பதாகக் கொள்வோம். ஒரு பொட்டலத்துக்கு அதனால் சேரும் சராசரி மதிப்பு 11 சென்ட். பொட்டலத்தின் விலையோ பல டாலர். இதற்குச் சூதாட்டம் என்ற பெயரே பொருந்தும் என்பது என் கருத்து. பிடித்த ஆட்டக்காரரின் அட்டையைத் தனியாக விலை கொடுத்து வாங்குவது பெரும்பாலும் மலிவு.

காகிதத்தைக் காப்பது

மலிவான காகிதத்தில் மரத்தின் லிக்னின் தங்கியிருக்கும். ஒளியும் காற்றும் பட்டால் அது பழுப்பாகிறது. காகிதத்தில் உள்ள அமிலம் செல்லுலோஸ் சங்கிலிகளை மெல்ல மெல்ல அறுக்கிறது. எனவே வெயில் கூடாது. மென்மையூட்டிகள் கலந்த பி.வி.சி. உறையும் கூடாது, அவை கசிந்து மையைப் பிடித்துக்கொள்ளும். பாலிபுரொப்பிலின் அல்லது பாலியெஸ்டர் உறைகள் நல்லவை. ஒப்பு ஈரப்பதம் 50 சதவீதத்தை ஒட்டி ஏற்றத்தாழ்வின்றி இருக்க வேண்டும். பளபளக்கும் புதிய அட்டைகள் மழைக்காலத்தில் வளைவது இதனால்தான். ஒரு பக்கம் ஈரத்தை உறிஞ்சி விரிகிற காகிதம். மறு பக்கம் விரியாத பிளாஸ்டிக் படலம். வெப்பத்தில் வளையும் ஈருலோகத் தகட்டின் கதையேதான். கனமான புத்தகத்தின் அடியில் வைத்து நிமிர்த்தினாலும் ஈரம் மாறாதவரை மீண்டும் வளையும்.

இந்த விதிகள் எதையும் பொருட்படுத்தாத ஒருவரையும் சொல்ல வேண்டும். சிரக்யூஸ் நகரத்து ஜெபர்சன் பர்டிக், சிகரெட் அட்டை முதல் வாழ்த்து அட்டை வரை மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட அச்சுப் படங்களைச் சேர்த்தவர். 'டி' என்றால் இருபதாம் நூற்றாண்டுப் புகையிலை அட்டை, 'என்' என்றால் பத்தொன்பதாம் நூற்றாண்டு, 'ஆர்' என்றால் சூயிங்கம் காலம் என்று வகுத்து வரிசை எண்ணும் கொடுத்து, 1939இல் பட்டியல் வெளியிட்டார். 'டி206' என்ற பெயர் வந்தது அதிலிருந்துதான். தம் சேகரிப்பு முழுவதையும் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் கலை அருங்காட்சியகத்துக்கு அவர் இலவசமாக அளித்தார். மூட்டுவாதத்தால் விரல்கள் முடங்கியிருந்த நிலையில், ஆண்டுக்கணக்கில் அங்கே வந்து அமர்ந்து, அட்டைகளை ஆல்பங்களில் தம் கையாலேயே ஒட்டினார். 1963 ஜனவரியில் வேலை முடிந்தது. மார்ச்சில் அவர் இறந்தார். பசை தொட்ட அட்டைக்குச் சந்தையில் மதிப்பெண் மிகவும் குறைந்துவிடும். பர்டிக்கின் தொகுப்பில் முப்பதாயிரத்துக்கு மேற்பட்ட பேஸ்பால் அட்டைகள் இருக்கின்றன, ஹோனஸ் வாக்னர் உட்பட. அவை விற்பனைக்கு இல்லை.